பூங்காப் பாதையில் ஸ்கேட்போர்டு: சிட்னித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெயில் தாழ்ந்ததும் வென்ட்வொர்த்வில், டூங்கேபி, பெண்டில் ஹில் பக்கத்துப் பூங்காக்கள் நிறைந்துவிடும். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, நாய், சைக்கிள், இவற்றுக்கு நடுவே கடகடவென்று ஒரு ஸ்கேட்போர்டு. "இதை எல்லாம் யார் அனுமதித்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். "என் பிள்ளையை ஏன் எல்லோரும் விரட்டுகிறார்கள்?" என்று வேறு சிலர். பல சமயம் இரண்டு கேள்வியும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறது. இங்கே உள்ள பதில்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிகளை வைத்துச் சொன்னவை. அபிப்பிராயம் எங்கே வருகிறதோ அது என்னுடையது.

பொதுப் பாதையில் ஸ்கேட்போர்டு ஓட்டுவது சட்டப்படி சரியா?

சரிதான். ஆஸ்திரேலியா முழுவதற்கும் முன்மாதிரியாக ஒரு சாலை விதித் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் அதைச் சிறு மாற்றங்களோடு எடுத்துக்கொள்கிறது. இங்கே நடப்பில் இருப்பது 2014-ஆம் ஆண்டின் சாலை விதிகள். அதில் ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட், ரோலர்பிளேடு மூன்றும் ஒரே வகை: விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமான சக்கரச் சாதனம். அதில் போகிறவர் வண்டியோட்டி அல்ல, பாதசாரி. அதனால் நடைபாதையிலும், நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பொதுப் பாதையிலும் அவர் போகலாம். இரண்டு நிபந்தனை உண்டு. முடிந்தவரை இடது ஓரமாகப் போக வேண்டும். நடந்து போகிறவருக்கு வழிவிட வேண்டும்.

அவரும் பாதசாரி, நானும் பாதசாரி. அப்படியானால் யார் ஒதுங்குவது?

அவர்தான். பாதசாரி என்று கணக்கில் வைத்தாலும், காலால் நடப்பவருக்கு அவர் வழிவிட்டே ஆக வேண்டும் என்று விதி தனியாகச் சொல்கிறது. "பெரியவர் வருகிறாரே, போகட்டும்" என்று காட்டும் மரியாதை அல்ல இது, சட்டம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பொதுப் பாதையில் சைக்கிள்காரர் எல்லாப் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும். ஸ்கேட்போர்டில் போகிறவரும் பாதசாரி என்பதால், சைக்கிள்காரர் அவருக்கும் வழிவிட வேண்டும். ஆக வரிசை இதுதான்: முதலில் நடப்பவர், அடுத்து ஸ்கேட்போர்டு, கடைசியில் சைக்கிள். மணியடித்தபடி "ஒதுங்கு ஒதுங்கு" என்று பறக்கும் லைக்ரா சட்டைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சைக்கிளுக்கென்று தனியாக ஒதுக்கிய பாதையில் இது தலைகீழ். அங்கே ஸ்கேட்போர்டு போகலாம், ஆனால் சைக்கிளின் வழியில் நிற்கக் கூடாது. எது எந்தப் பாதை என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நடப்பவர் உருவமும் சைக்கிள் உருவமும் மேலும் கீழுமாக இருந்தால் பொதுப் பாதை. நடுவில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரித்த பாதை.

பெரியவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்கிறார்கள். ஸ்கேட்போர்டு மட்டும் எப்படிப் போகலாம்?

விசித்திரம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது. சாதாரண நடைபாதையில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களும், அவர்களோடு கூடப் போகும் பெரியவரும் மட்டுமே சைக்கிள் ஓட்டலாம். ஸ்கேட்போர்டுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. நாற்பது வயது மனிதர் ஸ்கேட்போர்டில் வேலைக்குப் போனாலும் குற்றமில்லை.

அப்படியானால் தெருவில் ஓட்டச் சொல்லலாமே? பூங்கா எதற்கு?

தெருவுக்கான விதிகளைப் படித்துப் பாருங்கள். நடுவில் கோடோ தடுப்போ உள்ள சாலையில் ஓட்டக் கூடாது. வேக வரம்பு 50 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட தடம் குறித்த ஒருவழிச் சாலையில் கூடாது. இருட்டிய பிறகு எந்தச் சாலையிலும் கூடாது. மிஞ்சுவது கோடு போடாத குடியிருப்புத் தெரு, அதுவும் பகலில். அந்தத் தெருவில்தான் வரிசையாக நிறுத்திய கார்களுக்கு இடையிலிருந்து பின்னோக்கி வண்டி வெளியே வரும். காரோட்டியின் கண்ணாடியில், ஸ்கேட்போர்டின் மேல் குனிந்து நிற்கும் பத்து வயதுப் பிள்ளை தெரியவே தெரியாது. பூங்காவிலிருந்து விரட்டினால் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் புத்தகம் எடுத்துப் படிக்கும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தெருவுக்குத்தான் போகும்.

கவுன்சில் நினைத்தால் தடை செய்ய முடியுமா?

முடியும். 1993-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் ஸ்கேட்போர்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் அறிவிப்புப் பலகை வைத்துக் கவுன்சில் தடுக்கலாம். மீறினால் அபராதம் உண்டு, ஸ்கேட்போர்டைப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு. கடைத்தெரு, போர் நினைவுச் சின்னம், நூலக வாசல் போன்ற இடங்களில் இப்படி அறிவிப்புப் பலகை இருக்கும். சென்டெனியல் பார்க், பாரமட்டா பார்க் போன்ற பெரிய பூங்காக்களை நடத்துவது கவுன்சில் அல்ல. அவற்றுக்குத் தனி ஒழுங்குமுறை உண்டு. வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பலகை எதுவும் இல்லாத பொதுப் பாதையில் "இங்கே ஓட்டக் கூடாது" என்று யாராவது அதட்டினால் அது அவருடைய விருப்பம், சட்டம் அல்ல.

பேசாமல் எல்லாப் பூங்காவிலும் தடை போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

தீராது. போட்டுப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மையத்தில் லவ் பார்க் என்று ஒரு சதுக்கம். படிக்கட்டும் கருங்கல் விளிம்பும் நிறைந்த இடம். 1990-களில் உலகம் முழுக்க ஸ்கேட்போர்டு இளைஞர்களின் கனவு இடமாகவே இருந்தது. 2002-இல் நகர நிர்வாகம் அவர்களை வெளியேற்றி, சதுக்கத்தை மாற்றியமைத்துத் தடையை இறுக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில், நகரின் திட்ட இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த எட்மண்ட் பேக்கன், 92 வயதில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, அந்தச் சதுக்கத்திலேயே ஸ்கேட்போர்டில் ஏறி நகர்ந்து காட்டித் தன் எதிர்ப்பைத் தெரிவித்தார். அந்தச் சதுக்கத்துக்கு முதலில் யோசனை கொடுத்தவர்களில் ஒருவரே அவர்தான்.

இளைஞர்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். போலீஸ் வந்தால் ஓடுவார்கள், போனால் திரும்புவார்கள். கடைசியில் 2013-இல், ஸ்கூல்கில் ஆற்றோரம் ஓடும் பொதுப் பாதையை ஒட்டி, பெய்ன்ஸ் பார்க் என்ற ஸ்கேட் பூங்கா திறக்கப்பட்டது. நடப்பவரும் சைக்கிளும் போகும் பாதைக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்தார்கள், ஒளித்து வைக்கவில்லை. பதினொரு ஆண்டு துரத்தலுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் அது.

என் கருத்து இதுதான்: அனுமதி கொடு, ஆனால் வழிவிடும் விதியைக் கறாராக அமல்படுத்து. தடை போட்டால் விதியை மதித்து ஓட்டுகிறவன் மட்டும் நின்றுவிடுவான். மதிக்காதவன் அப்படியே வருவான்.

அந்தச் சத்தம்தான் தாங்க முடியவில்லை. ஏன் அவ்வளவு சத்தம்?

சக்கரம்தான் காரணம். சாகசம் செய்யும் பலகைக்குச் சின்னச் சக்கரம், குறுக்களவு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். கல் மாதிரி கெட்டியாக இருக்கும். சக்கரத்தின் பக்கவாட்டில் பாருங்கள், 99ஏ என்பது போல ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது கடினத்தின் அளவு. அந்தச் சக்கரம் கான்கிரீட் பாதையின் ஒவ்வொரு இணைப்புப் பள்ளத்திலும் டக் டக் என்று அடித்துக்கொண்டு போகும். பலகை வேறு மரம், அது அந்த அடியை வாங்கிப் பெரிதாக்கும். தார்ப் பாதையில் இணைப்பு இல்லை, ஆனால் சொரசொரப்பு அதிகம், அதனால் டக் டக்கிற்குப் பதில் ஓயாத இரைச்சல்.

நீளப் பலகை, அதாவது லாங்போர்டுக்கு 70 மில்லிமீட்டர் அளவில் 78ஏ சக்கரம் போடுவார்கள். அழுத்தினால் லேசாக அமுங்கும். அது பாதையில் போவது பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். பிள்ளை சாகசம் எதுவும் செய்யவில்லை, பாதையில் போய் வருகிறது, அவ்வளவுதான் என்றால் மெத்தென்ற சக்கரமே வாங்கிக் கொடுங்கள். கடையில் கேட்டால் பழைய பலகையிலேயே மாற்றித் தருவார்கள். அக்கம்பக்கத்துச் சண்டையில் பாதி அதோடு ஓய்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. சத்தம் கேட்பதால்தான் பின்னால் வருவது நமக்குத் தெரிகிறது. சத்தமே இல்லாமல் வந்து உரசிப் போகும் சைக்கிளைவிட அது மேல் என்று நினைக்கிறவன் நான்.

அதில் பிரேக்கே இல்லையே. எப்படி நிறுத்துவார்கள்?

காலால்தான். பின்னங்காலை இறக்கி, காலணியின் அடிப்பாகம் தரையில் உராயும்படி இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள். தேர்ந்தவர்கள் பலகையை இடமும் வலமும் வளைத்து வளைத்து ஓட்டியே வேகத்தைத் தின்பார்கள். அதற்கு அகலம் வேண்டும், கூட்டமான பாதையில் அது நடக்காது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இரண்டும் வராது. பலகையை விட்டுக் குதித்து ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வழி. அப்போது பலகை தன் போக்கில் போய் யார் கணுக்காலிலாவது இடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலான மோதல் ஆளோடு அல்ல, ஆளில்லாத பலகையோடு.

ஆகவே சரிவில் கற்றுக்கொடுக்காதீர்கள். முதலில் காலை இழுத்து நிறுத்தப் பழக்குங்கள், தள்ளுவது அப்புறம்.

தரையையும் பார்க்க வேண்டும். சிட்னியில் யூகலிப்டஸ் மரம் இல்லாத பூங்கா அபூர்வம். அதன் கொட்டை கோலிக்குண்டு அளவில் பாதையெங்கும் கிடக்கும். சின்னச் சக்கரத்தின் முன் ஒரே ஒரு கொட்டை மாட்டினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவார். அந்தக் காலத்துக் களிமண் சக்கரத்துக்குச் சின்னக் கூழாங்கல்லே போதும். 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் சக்கரம் வந்த பிறகுதான் இந்த விளையாட்டு மறுபடி உயிர்பெற்றது. கொட்டையை இன்னும் யாரும் வெல்லவில்லை.

பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

நாடு முழுதும் சாலைப் பொறியாளர்கள் பின்பற்றும் ஆஸ்ட்ரோட்ஸ் வழிகாட்டி, பொழுதுபோக்குக்கான பொதுப் பாதைக்கு 3.5 மீட்டர் விரும்பத்தக்கது என்கிறது. நம் பக்கத்துப் பழைய பாதைகள் பல இதில் ஒரு மீட்டராவது குறைவு. 2.5 மீட்டரில் எதிரெதிரே இரண்டு தள்ளுவண்டி வந்தாலே மூன்றாமவருக்கு இடமில்லை. ஸ்கேட்போர்டு மீது வரும் புகார்களில் பாதி உண்மையில் அகலத்தின் மீதான புகார்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா தினமும் நடக்கப் போகிறார்கள். மோதிவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வருகையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு மெடிகேர், அதாவது அரசின் மருத்துவக் காப்பீடு, கிடையாது. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி போன்ற சில நாட்டினருக்குப் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, படுக்கை, பிசியோதெரபி எல்லாம் கைக்காசு, அல்லது நீங்கள் எடுத்துவைத்த வருகையாளர் காப்பீடு. கார் மோதினால் காரின் கட்டாயக் காப்பீட்டிலிருந்து, அதாவது கிரீன் ஸ்லிப்பிலிருந்து, இழப்பீடு கேட்கலாம். ஸ்கேட்போர்டு மோட்டார் வாகனம் அல்ல, அதற்குக் கிரீன் ஸ்லிப் கிடையாது. மோதியவர் மேல் தனியாக வழக்குப் போடலாம்தான். பதினான்கு வயதுப் பையனிடம் என்ன வாங்குவீர்கள்?

அதனால் விமான டிக்கெட்டோடு காப்பீட்டையும் எடுங்கள். ஏற்கெனவே உள்ள எலும்புத் தேய்மானம் போன்ற நோய்களை அது விலக்குகிறதா என்று நுண்ணெழுத்தைப் படியுங்கள்.

நடக்கும் விதத்திலும் சில உண்டு. இங்கேயும் ஊரைப் போலவே இடதுபக்கம்தான், அது சுலபம். நான்கு பேர் கைகோத்துப் பாதை முழுதும் பரவி நடக்க வேண்டாம். பின்னால் சத்தம் கேட்டால் "ஐயோ" என்று பக்கத்தில் தாவாதீர்கள், இதுதான் நிறையப் பேர் செய்வது. வருகிறவர் நீங்கள் போகும் கோட்டைப் பார்த்து விலகக் கணக்குப் போட்டிருப்பார். நீங்கள் அதே பக்கம் தாவினால் கணக்கு போச்சு. நேராக, அதே நடையில் போங்கள். விலக வேண்டியது அவர் வேலை. நிற்க வேண்டுமானால், ஃபோன் எடுக்க வேண்டுமானால், புல்லில் இறங்கிவிடுங்கள்.

தலைக்கவசம் கட்டாயமா?

இந்த மாநிலத்தில் சைக்கிளுக்குக் கட்டாயம். மோட்டார் இல்லாத ஸ்கேட்போர்டுக்குக் கட்டாயமில்லை. போடுங்கள். மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள், விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பலகையே வேண்டாம், பத்து வயது வரை பெரியவர் கண்பார்வையில் மட்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

மின்சார ஸ்கேட்போர்டு?

அது வேறு கதை. மேலே சொன்ன உரிமை எல்லாம் மனித பலத்தாலும் சரிவாலும் ஓடுவதற்குத்தான். மோட்டார் பொருத்தினால் அது பாதசாரிக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். குயின்ஸ்லாந்தில் மின்பலகைக்கு அனுமதி உண்டு: நடைபாதையிலும் பொதுப் பாதையிலும் 12 கிலோமீட்டர் வேகம், வேறிடங்களில் 25. பிரிஸ்பேனில் இருக்கும் மச்சான் ஓட்டுகிறார் என்று இங்கே வாங்கிவிடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. காசு கொடுக்குமுன் டிரான்ஸ்போர்ட் ஃபார் என்எஸ்டபிள்யூ தளத்தில் பாருங்கள்.

ஸ்கேட் பூங்கா கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அங்கே போனால் என்ன?

போகிறார்கள். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் கீகன் பால்மரும், பாரிஸில் 14 வயது அரிசா ட்ரூவும் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் வாங்கிய பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அங்கே கிண்ணம் போலக் கட்டிய குழிகளில் பதினேழு வயதுப் பையன்கள் பறந்துகொண்டிருக்கும்போது, முதல் வாரம் பலகையில் நிற்கும் எட்டு வயதுப் பெண் எங்கே இறங்குவாள்? அவளுக்குத் தேவை சமதளமான, நீளமான, மெதுவான ஒரு பாதை. பெரிய பையன்களும் ஸ்கேட் பூங்காவுக்கு ஏதாவது ஒரு வழியாகப் போய்ச் சேர வேண்டும், அது பெரும்பாலும் பொதுப் பாதைதான்.

படிவிளிம்பிலும் பெஞ்சிலும் உரசிச் சாகசம் செய்வது வேறு விஷயம். அதற்குப் பூங்காப் பாதை இடமல்ல, அங்கே கவுன்சில் உலோகக் குமிழ் பதித்துத் தடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விழுந்தால் கவுன்சில் பொறுப்பா?

பெரும்பாலும் இல்லை. நடைபாதையின் விளிம்பில் தடுமாறி விழுந்த ஒரு வழக்கில், கண்ணுக்குத் தெரியும் மேடுபள்ளத்தைப் பார்த்து நடப்பது நடப்பவர் பொறுப்பு என்ற வகையில் 2001-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஹாக்ஸ்பரி கவுன்சில் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வந்த மாநிலச் சட்டம், வெளிப்படையாகத் தெரியும் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் கடமைகூட இல்லை என்றது. ஆகவே "வழக்கு வரும்" என்ற பயத்தைக் காட்டித் தடை கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

எங்கள் பூங்காப் பாதையில் மாற்றம் வேண்டும். யாரிடம் கேட்பது?

கவுன்சிலிடம், அதுவும் நேரம் பார்த்து. கவுன்சிலின் சமூக நிலமாக இருக்கும் பூங்காவுக்கு மேலாண்மைத் திட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் வரைவைக் குறைந்தது 28 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும், கருத்துச் சொல்லக் குறைந்தது 42 நாள் தர வேண்டும். முகநூலில் புலம்புவது யார் கோப்பிலும் ஏறாது. அந்த 42 நாளில் அனுப்பும் அரைப்பக்கக் கடிதம் ஏறும். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

"ஸ்கேட்போர்டை நிறுத்துங்கள்", "அனுமதியுங்கள்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த வளைவில் எதிரே வருவது தெரிவதில்லை, எந்த இடத்தில் பாதை குறுகுகிறது, எங்கே நடுக்கோடு போடலாம், விளையாட்டிடத்தின் வாசல் நேராகப் பாதையில் திறக்கிறதா என்று குறிப்பாக எழுதுங்கள். வேர் தூக்கிய கான்கிரீட், உடைந்த விளக்கு போன்றவற்றுக்குத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்னாப் செண்ட் சால்வ் செயலியில் படமெடுத்து அனுப்பினால் உரிய கவுன்சிலுக்கே போய்ச் சேரும்.